பிடிஏ லைசென்ஸ் எந்த மாநிலத்தில்? ஐந்து மாநிலங்களின் மேற்பார்வை விதிகள், ஒரு ஒப்பீடு

அமெரிக்காவில் பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டன்ட் (பிடிஏ) படிப்பின் கடைசி செமஸ்டரில், எந்த மாநிலத்தில் லைசென்ஸ் எடுப்பது என்ற பேச்சு வந்துவிடும். மணிக்கு எத்தனை டாலர், வாடகை எவ்வளவு என்ற கணக்கைத்தான் எல்லோரும் முதலில் போடுகிறார்கள். அன்றாட வேலையைத் தீர்மானிப்பது வேறு ஒன்று. நீங்கள் நோயாளியோடு இருக்கும் நேரத்தில் உங்களுக்கு மேலே இருக்கும் பிடி, அதாவது முழு உரிமம் பெற்ற பிசிக்கல் தெரபிஸ்ட், அதே கட்டடத்தில் இருக்க வேண்டுமா, ஃபோனில் கிடைத்தால் போதுமா? இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறும். ஒரே மாநிலத்தில் கிளினிக்குக்கு ஒரு விதியும் வீட்டுக்குப் போய்ச் செய்யும் சிகிச்சைக்கு இன்னொரு விதியும் இருப்பதுண்டு.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கிளினிக்கா, நர்சிங் ஹோமா, வீடு வீடாகப் போகும் ஹோம் ஹெல்த்தா, பள்ளியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதை வைத்து மாநிலத்தைப் பார்க்கலாம். இங்கே கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க், ஃப்ளோரிடா, வர்ஜீனியா ஐந்தையும் எடுத்துக்கொள்கிறோம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் மாநிலங்கள் என்பது ஒரு காரணம். விதிகள் ஒன்றுக்கொன்று நன்றாக மாறுபடுகின்றன என்பது முக்கியமான காரணம்.

எங்கே போனாலும் மாறாதவை

பிசிக்கல் தெரபி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான கேப்டீயின் அங்கீகாரம் பெற்ற பிடிஏ படிப்பு வேண்டும். பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில், சுமார் இரண்டு ஆண்டுகளில் முடியும் அசோசியேட் பட்டம் இது. பிறகு மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பான எஃப்எஸ்பிபிடி நடத்தும் தேசியத் தேர்வு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை, குறித்த தேதிகளில் மட்டும் நடக்கும். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. 12 மாதத்துக்குள் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது, வாழ்நாளில் ஆறு முறைதான். மிகக் குறைந்த மதிப்பெண் இரண்டு முறை வந்தால் அதோடு கதவு மூடிவிடும். தயாராகாமல் "ஒரு தடவை எழுதித்தான் பார்ப்போமே" என்று போகக் கூடாத தேர்வு இது.

தேர்வு ஒன்றுதான் என்பதால் ஒரு மாநிலத்துக்காக எழுதிய மதிப்பெண்ணை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாநிலச் சட்டத் தேர்வு, கைரேகை, பின்னணிச் சோதனை ஆகியவைதான் இடத்துக்கு இடம் வேறுபடும்.

பிடிஏ செய்யக் கூடாதவற்றின் பட்டியலும் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றே. முதல் மதிப்பீடு, சிகிச்சைத் திட்டத்தை வகுப்பது, அதை மாற்றுவது, சிகிச்சையை முடித்து அனுப்பும் முடிவு ஆகியவை பிடியின் கையில். திட்டத்துக்குள் பயிற்சியை ஏற்றுவது, இறக்குவது, நோயாளிக்கு அன்றைக்குத் தாங்கவில்லை என்றால் நிறுத்துவது பிடிஏவின் கையில்.

"மேற்பார்வை" என்று எதைச் சொல்கிறார்கள்

விதிப் புத்தகங்களில் மூன்று படிகள் உண்டு. பொது மேற்பார்வையில் பிடி அங்கே இருக்க வேண்டியதில்லை, ஃபோனிலாவது உடனே கிடைக்க வேண்டும். நேரடி மேற்பார்வையில் பிடி அதே இடத்தில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது படியில் சிகிச்சை முடியும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற பிடிஏவுக்கு முதல் இரண்டில் ஒன்று பொருந்தும். மூன்றாவது பெரும்பாலும் உரிமம் இல்லாத உதவியாளருக்கும், சில சமயம் மாணவருக்கும்.

வேலை விளம்பரத்தில் "மேற்பார்வை உண்டு" என்று மட்டும் போட்டிருந்தால் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள்.

டெக்சஸும் நியூயார்க்கும்: இரண்டு துருவங்கள்

டெக்சஸில் பிடிஏவுக்குப் பொது மேற்பார்வை போதும். பிடி அழைத்தால் கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோயாளியை மறுமதிப்பீடு செய்யும்போது மட்டும் பிடி நேரில் வந்து பார்த்தாக வேண்டும். மறுமதிப்பீடு தவறிப்போனால் பிடிஏ சிகிச்சையைத் தொடர முடியாது. சுதந்திரம் கொடுத்து இந்த ஒரு இடத்தில் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். உரிமம் இல்லாத உதவியாளரைப் பிடிஏவே நேரில் இருந்து மேற்பார்வை பார்க்கவும் டெக்சஸ் அனுமதிக்கிறது. கிராமப்புற மருத்துவமனையில் பிடி வாரத்தில் சில நாட்கள் மட்டும் வருகிற ஏற்பாடு அங்கே நடைமுறைக்கு ஒத்துவருவது இதனால்தான்.

நியூயார்க் நேர் எதிர். கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் பிடி அதே இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் வளாகத்துக்குள் இருந்தாக வேண்டும். ஒரு பிடிக்கு நான்கு பிடிஏவுக்கு மேல் கூடாது. பிடி மதியம் கிளம்பிவிட்டார், இரண்டு நோயாளிகள் மட்டும் பாக்கி, திட்டமும் தெளிவாக இருக்கிறது என்றாலும் பிடிஏ அவர்களைத் தொடக் கூடாது. நியூயார்க்கில் புதிதாகச் சேருகிறவர்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். சட்டம் தெரியாமல் அல்ல, வரவேற்பு மேசையில் இருப்பவர் நாள் அட்டவணையை நிரப்பும்போது பிடியின் நேரத்தைப் பார்க்காமல் பிடிஏவின் நேரத்தை மட்டும் பார்த்துவிடுவதால்.

ஹோம் ஹெல்த்துக்கு நியூயார்க் தனி வழி வைத்திருக்கிறது. வீட்டில் பிடி கூடவே இருக்க வேண்டியதில்லை. பதிலுக்கு மூன்று நிபந்தனைகள்: முதல் முறை பிடியும் பிடிஏவும் சேர்ந்து போக வேண்டும், ஆறு வருகை அல்லது 30 நாள், எது முதலில் வருகிறதோ அதற்குள் பிடி நேரில் போய்ச் சிகிச்சை கொடுத்து மதிப்பிட வேண்டும், முடிக்கும்போது பிடியே கடைசி மதிப்பீடு செய்ய வேண்டும். இந்த வேலையில் ஒரு பிடிக்கு இரண்டு பிடிஏக்கள்தான்.

வாரம் மூன்று முறை போகும் நோயாளி என்றால் ஆறு வருகை இரண்டே வாரத்தில் முடிந்துவிடும். வாரம் இரண்டு முறை என்றால் மூன்று வாரம். வாரம் ஒரு முறை போகும் நோயாளிக்குத்தான் 30 நாள் கணக்கு முந்தும். அப்படியானால் இடுப்பு எலும்பு முறிவு, மூட்டு மாற்று போன்ற ஆரம்பக் கட்ட நோயாளிகள் நிறைய இருந்தால் பிடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஏஜென்சியில் பிடி பற்றாக்குறை இருந்தால் ஏழாவது வருகை உங்கள் அட்டவணையிலிருந்து காணாமல் போகும், அந்த வாரக் கூலியும் அதோடு போகும். வருகைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர்கள் இதைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வர்ஜீனியா: எண்களில் எழுதிவைத்த விதி

வர்ஜீனியாவில் பொது மேற்பார்வை போதும், ஆனால் மறுமதிப்பீட்டுக்குத் தெளிவான கெடு உண்டு. முதல் வருகை பிடியுடையது. மருத்துவமனை உள்நோயாளி என்றால் தொடர்ந்து ஏழு நாளுக்கு ஒரு முறையாவது பிடி மறுமதிப்பீடு செய்ய வேண்டும். மற்ற இடங்களில் 12 வருகையில் ஒன்று அல்லது 30 நாளுக்கு ஒரு முறை, எது முதலோ அது. வாரம் மூன்று என்றால் 12 வருகை நான்கு வாரத்தில், அதாவது 28 நாளில் நிறையும். ஆக வாரம் மூன்றுக்குக் கீழே போகும் நோயாளிகளுக்கெல்லாம் 30 நாள்தான் கெடு.

புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு இந்த ஐந்தில் வர்ஜீனியாவின் விதிதான் எளிது என்பது எங்கள் கணிப்பு. "தேவைக்கேற்ப" என்று விட்டுவிடாமல் எண் கொடுத்திருப்பதால், பிடியிடம் "நாளை மறுநாள் கெடு முடிகிறது" என்று சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

கலிஃபோர்னியா: தூரம் பிரச்சினை இல்லை, எண்ணிக்கைதான்

கலிஃபோர்னியாவில் பிடி நேரிலோ தொலைத்தொடர்பிலோ எப்போதும் கிடைக்க வேண்டும். அந்த வகையில் டெக்சஸ் மாதிரிதான். ஆனால் ஒரு பிடி ஒரே நேரத்தில் இரண்டு பிடிஏவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. நியூயார்க்கின் நான்கோடு ஒப்பிட்டால் இது பாதி. பெரிய கிளினிக்குகளில் பிடிஏ இடங்கள் குறைவாக இருப்பதற்கு இந்த விகிதமும் ஒரு காரணம்.

செய்யக் கூடாதவற்றையும் கலிஃபோர்னியா வரிவரியாக எழுதிவைத்திருக்கிறது. பிடி மதிப்பீடு செய்வதற்கு முன்பு அளவெடுப்பது, தகவல் சேகரிப்பதுகூடக் கூடாது. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்துப் பார்த்து பிடிக்குத் தயாராக வைப்போம் என்ற நல்ல எண்ணமும் இங்கே விதிமீறல்தான். டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுதக் கூடாது. சிகிச்சைத் திட்டம் மாறக்கூடிய கூட்டத்தில் பிசிக்கல் தெரபி தரப்பில் பிடிஏ மட்டும் தனியாக உட்காரக் கூடாது. நோயாளி சார்ந்த வேலையில் இருக்கும் உதவியாளரை மேற்பார்வை பார்க்கக் கூடாது. டெக்சஸில் இந்தக் கடைசி வேலையைப் பழகிவிட்டு சான்டியேகோவுக்கோ ஃப்ரீமான்ட்டுக்கோ மாறுகிறவர்கள் பழக்கதோஷத்தில் "நீ அந்த நோயாளியை நடக்கவைத்துக் கூட்டிவா" என்று உதவியாளரிடம் சொல்லிவிடுவார்கள். உத்தரவு பிடியிடமிருந்து போக வேண்டும்.

ஃப்ளோரிடா

பொது மேற்பார்வை என்றால் இருவழித் தொடர்பில் பிடி எப்போதும் கிடைக்க வேண்டும் என்பதோடு, பிடிஏ இருக்கும் அதே புவியியல் பகுதியில் இருக்க வேண்டும் என்று ஃப்ளோரிடா சேர்த்துச் சொல்கிறது. மயாமியில் பிடிஏ வேலை பார்க்க, பிடி வேறு மாநிலத்தில் விடுமுறையில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறார் என்றால் இந்த வரி இடிக்கும். பிடி விடுப்பில் போகும்போது அவருக்கு மாற்றாக யார் பெயர் எழுதப்படுகிறது என்று கேட்டுவைப்பது இங்கே மிக அவசியம்.

மாணவர்கள்: வேறு உலகம்

உரிமம் பெற்ற பிடிஏவுக்கு ஃபோன் போதும் என்று சொல்லும் மாநிலமும் மாணவருக்கு அதே சலுகையைத் தருவதில்லை. டெக்சஸ், கலிஃபோர்னியா, நியூயார்க் மூன்றிலும் மாணவர் நோயாளியைத் தொடும் நேரத்தில் மேற்பார்வையாளர் அதே இடத்தில் இருக்க வேண்டும். பிடி மாணவருக்குப் பிடி மட்டுமே கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஆகலாம். பிடிஏ மாணவருக்கு, டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும், தன் பிடியின் மேற்பார்வைக்குள் இருக்கும் பிடிஏவும் ஆகலாம். அங்கீகார விதிப்படி இன்ஸ்ட்ரக்டருக்கு உரிமம் பெற்ற பின் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் வேண்டும்.

கலிஃபோர்னியாவில் மாணவர் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் மேற்பார்வையாளர் அன்றே தேதியோடு எதிர்க்கையெழுத்துப் போட வேண்டும். "அன்றே" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் மாலை ஆறு மணிக்குக் குறிப்பை முடிக்கிறார், இன்ஸ்ட்ரக்டர் ஐந்துக்கே வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் அந்தக் குறிப்பு மறுநாள் கையெழுத்தாகும், விதி அன்றைக்கே உடைந்துவிடும். நான்கரை மணிக்குக் கடைசி நோயாளி, ஐந்துக்கு முன் குறிப்பு என்று நேரத்தை முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்வதுதான் வழி.

இதற்கு மேல், முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதி ஒன்று வந்து உட்காரும். வெளிநோயாளி சிகிச்சைக்குப் பணம் தரும் பார்ட் பி, மாணவர் செய்த சேவைக்குத் தனியாகப் பணம் தராது. தெரபிஸ்ட் அதே அறையில் முழு நேரமும் இருந்து வழிநடத்த வேண்டும், அந்த நேரத்தில் வேறு நோயாளியைப் பார்க்கவோ வேறு வேலை செய்யவோ கூடாது. நோயாளி கம்பியைப் பிடித்துப் படி ஏறுகிறார், மாணவர் இடுப்புப் பட்டையைப் பிடித்திருக்கிறார், இன்ஸ்ட்ரக்டர் அடுத்த மேசையில் இன்னொருவரின் தோளை அசைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். கல்விக்கு இது போதும், மாநிலச் சட்டத்துக்கும் போதும், ஆனால் அந்த நிமிடங்களைப் பார்ட் பிக்குப் பில் போட முடியாது. நர்சிங் ஹோமில் பார்ட் ஏ (மெடிகேரின் உள்நோயாளிப் பகுதி) நோயாளி என்றால் கதை வேறு: 2011 அக்டோபரிலிருந்து மாணவர் கண்பார்வைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எந்த அளவு மேற்பார்வை என்பதை அங்கே இருக்கும் தெரபிஸ்டும் நிறுவனமும் தீர்மானிக்கலாம். அதற்கும் மேல் மாநில விதி கடுமையாக இருந்தால் மாநில விதிதான் நிற்கும்.

கிளினிக்கல் பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால், கை நிறைய வேலை வேண்டும் என்பவர் முதல் சுற்றுக்கு நர்சிங் ஹோமையும், நுணுக்கமாகக் கற்க வேண்டும் என்பவர் கடைசிச் சுற்றுக்கு வெளிநோயாளி கிளினிக்கையும் கேட்கலாம். மெடிகேர் நோயாளிகள் அதிகமுள்ள கிளினிக்கில் மாணவர் வேடிக்கை பார்க்கும் நேரமே கூடிவிடும்.

எஃப்-1 விசாவில் படிக்கிறவர்கள் கிளினிக்கல் சுற்றுக்கு முன்பே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலைப் பயிற்சி பெறும்) அனுமதி பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து, லைசென்ஸ் வராத இடைவெளி

தேர்வு குறித்த தேதிகளில் மட்டும் நடப்பதால் மே மாதம் படிப்பு முடித்தவர் ஜூலை வரை சும்மா இருக்க வேண்டியிருக்கும். இந்த இடைவெளியில் சம்பாதிக்க முடியுமா என்பதில் மாநிலங்கள் பிரிகின்றன.

கலிஃபோர்னியா, விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கு "லைசென்ஸ் விண்ணப்பதாரர்" என்ற நிலையைத் தருகிறது. 120 நாளுக்கு மேல் போகாது. உடனிருக்கும் பிடியின் நேரடி மேற்பார்வை வேண்டும். உரிமம் வழங்கும் மாநில வாரியம் அனுப்பும் அனுமதிக் கடிதம் கிடைத்ததையும் அது முடியும் தேதியையும் மேற்பார்வை பிடி உங்கள் பணிக் கோப்பில் பதிய வேண்டும். கடிதம் கையில் வருவதற்கு முன் வேலை தொடங்கக் கூடாது. முதல் தேர்வில் தவறினால் அந்த நிலையும் போய்விடும்.

ஃப்ளோரிடாவில் தற்காலிக அனுமதி உண்டு. புதுப்பிக்க முடியாது, தேர்வில் தவறினால் செல்லாது, பிடி நேரில் இருந்து பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஃபோன் சலுகை இவர்களுக்குக் கிடையாது. வர்ஜீனியா இவர்களை "டிரெய்னி" என்கிறது: தேர்வுக்குப் பதிவு செய்த பட்டதாரி பிடியின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்யலாம், முடிவு கைக்கு வந்த இரண்டு வேலை நாளில் அந்த அனுமதி முடிந்துவிடும். நியூயார்க்கில் வரையறுக்கப்பட்ட அனுமதி என்று ஒன்று உண்டு.

இதில் பணம் தருபவரையும் பார்க்க வேண்டும். மாநிலம் அனுமதித்துவிட்டது என்பதற்காகக் காப்பீட்டு நிறுவனம் தற்காலிக அனுமதியில் இருப்பவரின் சேவைக்குப் பணம் தரும் என்று பொருள் இல்லை. "தேர்வு முடிந்ததும் வாருங்கள்" என்று முதலாளிகள் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். இடைவெளியில் வருமானம் கட்டாயம் தேவை என்றால், அனுமதி தரும் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அப்படி ஆள் எடுக்கும் முதலாளியையும் முன்பே பிடிக்க வேண்டும்.

மாநிலம் சரி என்றாலும் மெடிகேர்

2025 ஜனவரி 1-க்கு முன்பு, தனியார் கிளினிக்கில் மெடிகேர் நோயாளியைப் பிடிஏ பார்க்க வேண்டுமானால் பிடி அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. டெக்சஸ் சட்டம் ஃபோன் போதும் என்றாலும் மெடிகேர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தனியார் கிளினிக்குக்கும் பொது மேற்பார்வை போதும் என்று மாற்றிவிட்டார்கள். டெக்சஸ், வர்ஜீனியா கிளினிக்குகளில் இது பெரிய நிம்மதி: பிடி மதிய உணவுக்கு வெளியே போனால் பிடிஏவின் நோயாளியைக் காத்திருக்கவைக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் அங்கே தடுப்பது மாநிலச் சட்டம். மாநிலம், பணம் தருபவர், நிறுவனத்தின் சொந்த விதி ஆகிய மூன்றில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

கட்டணத்திலும் ஒரு வெட்டு உண்டு. பிடிஏ செய்த சேவைக்கு சிக்யூ என்ற குறியீட்டைச் சேர்க்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அந்தக் குறியீடு இருந்தால் மெடிகேர் தன் பங்கில் 85 சதவீதம்தான் தருகிறது. அனுமதிக்கப்பட்ட கட்டணம் 100 டாலர் என்றால் மெடிகேரின் பங்கு வழக்கமாக 80. பிடிஏ செய்தால் அது 68 ஆகும். நோயாளியின் 20 டாலர் அப்படியே. பிடிஏவின் நேரம் அந்தச் சேவையில் பத்து சதவீதத்தைத் தாண்டினாலே குறியீடு போட வேண்டிய நிலை வரலாம். சிறிய கிளினிக் முதலாளி பிடிஏ எடுக்கத் தயங்குவது இந்த 12 டாலருக்காகத்தான். சம்பளப் பேச்சில் இதை அவர் சொல்ல மாட்டார், நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆவணத்தில் கவனிக்க வேண்டியது: பார்ட் பி நோயாளிக்குப் பத்து சிகிச்சை நாளுக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை வேண்டும், அதைப் பிடிதான் எழுத வேண்டும். பிடிஏ தினக் குறிப்பு எழுதலாம், அளவுகளைச் சேர்த்துத் தரலாம், அறிக்கையை முடித்துக் கையெழுத்திட முடியாது. ஹோம் ஹெல்த்தில் 30 காலண்டர் நாளுக்கு ஒரு முறை பிடியின் நேரடி மறுமதிப்பீடு வேண்டும். வர்ஜீனியாவில் வெளிநோயாளி கிளினிக்கில் இருந்தால் மாநிலத்தின் 12 வருகையும் மெடிகேரின் 10 நாளும் ஒரே நோயாளிக்கு ஓடும். பத்தாவது நாளிலேயே இரண்டையும் சேர்த்து முடிப்பதுதான் அனுபவசாலிகள் செய்வது. மென்பொருள் நினைவூட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலானவை மெடிகேரின் எண்ணுக்குத்தான் மணி அடிக்கும், மாநில எண்ணைக் கையால் போட வேண்டும்.

காம்பேக்ட்: லைசென்ஸை விட ஓட்டுநர் உரிமம் பேசும் இடம்

2018-லிருந்து பிடி காம்பேக்ட் என்ற மாநிலக் கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு உறுப்பு மாநிலத்தின் உரிமம் இருந்தால் மற்ற உறுப்பு மாநிலங்களில் "ப்ரிவிலெஜ்" வாங்கி வேலை செய்யலாம், பிடிஏவுக்கும் பொருந்தும். முழு விண்ணப்பத்துக்கு வாரக்கணக்கு ஆகும் இடத்தில் இது மிக விரைவில் முடியும். காம்பேக்டை நடத்தும் கமிஷன் வாங்கும் கட்டணம் 45 டாலர், அதற்கு மேல் அந்தந்த மாநிலம் தன் கட்டணத்தைச் சேர்க்கும். சில மாநிலங்கள் சட்டத் தேர்வும் கேட்கும். கடந்த இரண்டு ஆண்டில் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது.

டெக்சஸும் வர்ஜீனியாவும் உறுப்பினர்கள். ஃப்ளோரிடா 2024-ல் சேரும் சட்டத்தை நிறைவேற்றியது. ப்ரிவிலெஜ் கொடுக்கத் தொடங்கிவிட்டதா என்பதைக் கமிஷனின் வரைபடத்தில் விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் வெளியே நிற்கின்றன.

பலர் இடறுவது "சொந்த மாநிலம்" என்ற நிபந்தனையில். உங்கள் ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலத்துடையதோ அதுதான் சொந்த மாநிலம், அந்த மாநிலத்தின் பிடிஏ லைசென்ஸ்தான் காம்பேக்டுக்குச் செல்லும். கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறி டாலஸிலிருந்து சான் ஹோசேவுக்குக் குடிபோய், ஓட்டுநர் உரிமத்தையும் மாற்றிவிட்டால், டெக்சஸ் லைசென்ஸ் உயிரோடு இருந்தாலும் காம்பேக்ட் உரிமை போய்விடும். அரிசோனாவில் வாங்கிவைத்திருந்த ப்ரிவிலெஜும் அதோடு விழும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊர் என்று டிராவல் ஒப்பந்தத்தில் போக நினைப்பவர் சொந்த வீட்டை உறுப்பு மாநிலத்தில் வைத்துக்கொள்வதே சரி. இந்த ஒரு விஷயத்தில் டெக்சஸுக்கும் வர்ஜீனியாவுக்கும் நியூயார்க்கோ கலிஃபோர்னியாவோ ஈடாகாது.

தொடர்கல்வி மணிகள் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரியவை அல்ல: டெக்சஸில் பிடிஏவுக்கு இரண்டு ஆண்டுக்கு 20, ஃப்ளோரிடாவில் 24, கலிஃபோர்னியாவில் 30, நியூயார்க்கில் மூன்று ஆண்டுக்கு 36.

பிபிடி முடித்து அமெரிக்கா வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டில் நான்கரை ஆண்டு பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து, திருமணமாகி வந்து, பிடி தேர்வுக்கான சான்றிதழ் மதிப்பீடு இழுத்துக்கொண்டே போகும்போது "அதுவரை பிடிஏ ஆகிவிடலாமா" என்ற யோசனை வருவது இயல்பு. வெளிநாட்டில் படித்தவரைப் பிடிஏ தேர்வுக்கு அனுமதிப்பதா என்பது மாநில வாரியத்தின் முடிவு, விதிகள் ஒன்றுபோல இல்லை. கலிஃபோர்னியாவில் படிப்பும் அனுபவமும் சமமானவை என்று காட்டி விண்ணப்பிக்கும் வழி சட்டத்திலேயே உண்டு. எந்த மாநிலமானாலும் பணம் கட்டுவதற்கு முன் வாரியத்தின் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

விசா பக்கம் இன்னும் கறாரானது. கிரீன் கார்டுக்கு ஆள் பற்றாக்குறை வேலைகளைக் குறிக்கும் ஷெட்யூல் ஏ பட்டியலில் பிசிக்கல் தெரபிஸ்ட் இருக்கிறார், பிடிஏ இல்லை. எச்-1பிக்குப் பொதுவாக இளநிலைப் பட்டம் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும், அசோசியேட் பட்டத்தில் முடியும் பிடிஏ வேலை அதில் அடங்காது. ஆகவே ஏற்கெனவே வேலை அனுமதி கையில் இருப்பவருக்குப் பிடிஏ ஒரு நல்ல வழி. விசாவுக்காக வேலை தேடுகிறவர் அந்தப் பக்கம் போகாமல் பிடி மதிப்பீட்டிலேயே நேரத்தைப் போடுவது மேல். 2010-ல் இந்தியா உள்ளிட்ட நான்கு நாட்டுப் பட்டதாரிகளுக்குத் தேர்வுப் பாதுகாப்புச் சிக்கலால் பிடி தேர்வை நிறுத்திவைத்த காலத்தின் அச்சம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்தத் தனி ஏற்பாடு எப்போதோ முடிந்துவிட்டது, இன்று எல்லோரும் ஒரே குறித்த தேதிகளில்தான் எழுதுகிறார்கள்.

பிடிஏ படித்தால் பிறகு பிடி ஆவது சுலபம் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஓஹயோவின் ஃபிண்ட்லே பல்கலைக்கழகம் போல வெகு சில இடங்களில்தான் பிடிஏவிலிருந்து பிடிக்குப் பாலம் போட்ட படிப்பு இருக்கிறது. மற்ற இடங்களில் இளநிலைப் பட்டமும் முன்தேவைப் பாடங்களும் முதலிலிருந்து வேண்டும்.

யாருக்கு எது

ஹோம் ஹெல்த்தில் நாள் முழுக்கக் காரில் சுற்றத் தயாராக இருப்பவருக்கு டெக்சஸ், அடுத்து வர்ஜீனியா. புதிதாக முடித்து, கைத்திறனில் இன்னும் தயக்கம் இருப்பவருக்கு நியூயார்க்கின் கெடுபிடியே பாதுகாப்பு: சந்தேகம் வந்தால் பிடி அடுத்த அறையில் இருப்பார் என்று சட்டமே சொல்கிறது. குடும்பம் ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் இருந்தால் லைசென்ஸ் அங்கேதான் எடுக்க வேண்டும், ஆனால் விகிதம் காரணமாக முதல் வேலைக்குச் சற்று நாள் ஆகும் என்று திட்டமிடுங்கள். ஃப்ளோரிடா, தேர்வுக்கு முன்பே வேலை தரும் முதலாளி கிடைத்தால் பார்க்கலாம்.

மாநிலத்தைத் தேர்ந்தெடுத்த பின் நேர்காணலில் கேட்க நான்கு கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள். என் மேற்பார்வை பிடி யார், அவர் இங்கே வாரத்தில் எத்தனை மணி நேரம் இருப்பார்? அவருக்குக் கீழே இப்போது எத்தனை பிடிஏக்கள்? மறுமதிப்பீட்டுக் கெடுவை யார் கண்காணிக்கிறார், தவறினால் என் வருகைக் கூலி என்ன ஆகும்? சனிக்கிழமை நான் வேலை செய்தால் அன்றைக்கு ஃபோன் எடுக்க வேண்டிய பிடியின் பெயரும் எண்ணும் எங்கே எழுதியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராத இடத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை எழுதி வாங்குங்கள்.